1812 போரில் யார் ஜெயித்தது? மகள் கேட்ட கேள்வி

படாப்ஸ்கோ கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பால்டிமோருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் இங்கேயே பிறந்தவள், இப்போது நாலாம் வகுப்பு. போன சனிக்கிழமை அவளை மெக்ஹென்றி கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அமெரிக்க தேசிய கீதம் பிறந்த இடம் அது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 1812-ல் மூண்ட போரில், 1814 செப்டம்பர் 13 காலையிலிருந்து ஏறக்குறைய 25 மணி நேரம் பிரிட்டிஷ் கப்பல்கள் அந்தக் கோட்டை மேல் குண்டு பொழிந்தன. மறுநாள் விடிந்ததும் கொடி இன்னும் பறப்பதைப் பார்த்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வக்கீல் எழுதிய பாட்டுதான் இன்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு மைதானத்திலும் ஒலிக்கிறது.

அங்கே முதலில் ஒரு சின்னப் படம் போடுகிறார்கள். முடியும்போது கீதம் ஒலிக்கிறது, திரை மெல்ல விலகுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜக் கோட்டையின் மேல் நிஜக் கொடி. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க விரும்பவில்லை. அப்புறம் வெளியே, பழைய கொடியின் அளவிலேயே தைத்த ஒரு கொடியைச் சுருட்டிக் கொண்டுவந்து, வந்தவர்களையே ஓரம் பிடித்து விரிக்கச் சொன்னார்கள். 42 அடி நீளம், 30 அடி அகலம். பிள்ளைகள் சிலர் துணிக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். என் மகள் ஒரு சிவப்புப் பட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: "அப்பா, வாஷிங்டனை எரிச்சுட்டாங்க. இங்கேயும் குண்டு போட்டாங்க. கடைசில யார் ஜெயிச்சாங்க?" எனக்குச் சரியான பதில் வரவில்லை. "நாம்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த "நாம்" யார் என்றும் தெரியவில்லை. வரலாறு தெரிந்தவர்கள் உதவுங்கள். அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கரும்பலகை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முப்பத்து நாலு வருடம் வரலாறு நடத்தியவன் நான். பாடப்புத்தகத்தில் இந்தப் போருக்கு நாலு வரிகூட வராது. 1776 சுதந்திரப் பிரகடனம், நடுவில் ஒரு தாவல், 1861 உள்நாட்டுப் போர். இடையில் இது காணாமல் போய்விடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போரை ஆரம்பித்தது அமெரிக்கா. 1812 ஜூன் 18-ல் அதிபர் மாடிசன் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். பிரதிநிதிகள் சபையில் 79-க்கு 49, செனட்டில் 19-க்கு 13. நாடே ஒன்று திரண்டு எழுந்தது என்று சொல்ல முடியாத வாக்கு அது. நியூ இங்கிலாந்து என்ற அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் மக்கள் கடைசிவரை இந்தப் போரை வெறுத்தார்கள். இன்னொரு வேதனை: அமெரிக்க வணிகத்தை நெரித்த பிரிட்டிஷ் உத்தரவுகளைத் திரும்பப் பெறுவதாக அதே வாரத்தில்தான் லண்டன் அறிவித்தது. செய்தி அட்லாண்டிக்கைக் கடந்து வருவதற்குள் போர் மூண்டுவிட்டது.

முடிவும் அதே மாதிரிதான். 1814 டிசம்பர் 24-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஒப்பந்தம். யார் எந்த நிலத்தைப் பிடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எல்லைகள் போருக்கு முன் இருந்தபடியே. அந்தச் சேதி போய்ச் சேராததால் 1815 ஜனவரி 8-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பெரும் சண்டை நடந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் பிரிட்டிஷ் வீரர்கள் செத்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போனார்கள். அந்த வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் சில நாள் இடைவெளியில் ஊர்களுக்கு வந்து சேர, "நாம் ஜெயித்து முடித்தோம்" என்ற எண்ணம் மக்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

அதனால் மகளிடம் "யாரும் ஜெயிக்கவில்லை, ஆனால் சிலர் எல்லாவற்றையும் தோற்றார்கள்" என்று சொல்லலாம். யார் அந்தச் சிலர் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

கப்பல்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆனால் போரை ஆரம்பித்தது அமெரிக்கா என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கடலோடிகளுக்கு அநியாயம். இருபது வருடமாகக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்க்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்போது பிரிட்டன் நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடற்படைக்கு ஆள் போதவில்லை. அங்கே சம்பளம் குறைவு, சவுக்கடி அதிகம், அதனால் பிரிட்டிஷ் மாலுமிகள் ஓடிப்போய் அமெரிக்க வணிகக் கப்பல்களில் சேர்ந்தார்கள். அவர்களைத் தேடுகிறோம் என்று நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலை நிறுத்தி, மேல்தளத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, திடகாத்திரமானவனைப் பார்த்து "நீ எங்கள் ஆள்" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கையில் அமெரிக்கன் என்று சான்றிதழ் வைத்திருந்தாலும் பல நேரம் பயனில்லை. பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை பிரிட்டிஷ் பிரஜைதான் என்பது அவர்கள் சட்டம். இப்படி ஆயிரக்கணக்கானோர் போனார்கள். வீட்டில் மனைவிக்குச் சேதிகூடப் போகாது.

1807 ஜூனில் வர்ஜீனியா கரைக்கு வெளியே, 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பல் 'செசபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு நிறுத்தியது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள், நான்கு பேரைப் பிடித்துப் போனார்கள். அந்த நால்வரில் மூவர் அமெரிக்கர்கள். தன் நாட்டுப் போர்க்கப்பலில் நிற்பவனுக்கே பாதுகாப்பு இல்லை என்றால் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் எதற்கு? இதை இரண்டாவது சுதந்திரப் போர் என்று அவர்கள் அழைத்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

முதல் வருடத்தில் நிலத்தில் தோல்வி மேல் தோல்வி, டெட்ராய்ட்டையே சரணடைய விட்டார்கள். கடலில்தான் மானம் காப்பாற்றப்பட்டது. 1812 ஆகஸ்ட்டில் 'கான்ஸ்டிட்யூஷன்' கப்பல் 'கெரியர்' என்ற பிரிட்டிஷ் கப்பலை உடைத்துப் போட்டது. பீரங்கிக் குண்டுகள் அதன் ஓக் மரப் பக்கங்களில் பட்டுத் தெறித்ததால் 'பழைய இரும்புப் பக்கம்' என்று பட்டப்பெயர் வந்தது. அது இன்னும் பாஸ்டனில் மிதக்கிறது, இன்னும் கடற்படைக் கணக்கில் இருக்கிறது. ஏறிப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் என் தலை உத்தரத்தில் இடித்தது. அந்த உயரத்துக்குள் குனிந்து நின்று, புகையில் கண் தெரியாமல் பீரங்கிக்கு மருந்து திணித்தவர்களை நினைத்து வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

டொராண்டோ துளசி எழுதியது:

அண்ணாமார், இந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருடமாக டொராண்டோவில் இருக்கிறேன். எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற 1812 வேறு.

இங்கே அது படையெடுப்பைத் தடுத்த போர். கனடாவைப் பிடிப்பது வெறும் நடந்து போகிற வேலைதான் என்று 1812-ல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜெபர்சன் எழுதினார். நடந்து வந்தவர்களைக் குயின்ஸ்டன் மேட்டில் ஐசக் புரொக் என்ற தளபதி மறித்தார், அங்கேயே உயிரையும் விட்டார். 1813 ஏப்ரல் 27-ல் டொராண்டோவுக்கே வந்துவிட்டார்கள். அப்போது இந்த ஊருக்கு யோர்க் என்று பெயர். பின்வாங்கின பிரிட்டிஷ்காரர் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டுப் போக, அது வெடித்து அமெரிக்கத் தளபதி பைக் உட்படப் பலர் செத்தார்கள். பிறகு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது, வீடுகள் சூறையாடப்பட்டன. அடுத்த வருடம் வாஷிங்டன் எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கட மகள் வாஷிங்டன் எரிந்ததைக் கேட்டால் யோர்க் எரிந்ததையும் சொல்லுங்கோ.

யோர்க் கோட்டை இப்பவும் இருக்கிறது. ஒரு பக்கம் ரயில் பாதை, மற்றப் பக்கம் உயர்ந்த விரைவுச்சாலை, சுற்றிவரக் கண்ணாடி மாடிகள், நடுவில் புல்லும் பழைய மண் அரணும். வேலைக்குப் போகிற வழியில் தினமும் பார்க்கிறேன். ஊர் எரிகிறது என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளை நான். அந்த மண் அரணைக் கடக்கிறபோது யோர்க் சனம் எந்தப் பக்கமாக ஓடியிருக்கும் என்றுதான் முதலில் நினைப்பு வரும்.

இன்னொன்று. தெகும்சே என்ற ஷானி தலைவரைப் பற்றி யாரும் எழுதவில்லையே? தங்கள் நிலம் தங்களுக்கே என்று பல பழங்குடி மக்களை ஒன்று சேர்த்த மனிதர். 1813 அக்டோபரில் கனடாவில் உள்ள தேம்ஸ் ஆற்றுச் சண்டையில், பிரிட்டிஷ் படை பின்வாங்கின பிறகும் நின்று சண்டை பிடித்துச் செத்தார்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் "எல்லாவற்றையும் தோற்றவர்கள்" என்று சொன்னது அவர்களைத்தான். பழங்குடிகளுக்கென்று தனி நிலப்பகுதி வேண்டும் என்று பேச்சுவார்த்தை மேசையில் முதலில் கேட்ட பிரிட்டன், பிறகு கைவிட்டுவிட்டது. தெற்கே கிரீக் என்ற பழங்குடி மக்களிடமிருந்து 1814-ல் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய நிலம் 2 கோடி ஏக்கருக்கும் மேல். அந்தச் சண்டையில் அவர் பக்கம் நின்று போரிட்ட செரோக்கி மக்களையும் விடவில்லை. 1830-ல் அதிபராக இருந்து அவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படிதான் அவர்களும் தங்கள் மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்.

செம்மண் எழுதியது:

இதையெல்லாம் படித்த பிறகும் அந்தப் பாட்டுக்கு நெஞ்சில் கை வைத்து நிற்க எப்படி மனம் வருகிறது என்று உண்மையாகவே கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை, படாப்ஸ்கோ அண்ணா.

கீ அடிமைகளை வைத்திருந்தவர். பாட்டின் மூன்றாவது சரணத்தில் கூலிப்படையோடு சேர்த்து அடிமைக்கும் கல்லறை இருட்டுதான் கதி என்று வருகிறது. அந்த வரி யாரைக் குறிக்கிறது என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் 1814-ல் நடந்தது தெரியும். எங்கள் கப்பலுக்கு வருகிறவர்களுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் அட்மிரல் காக்ரேன் ஏப்ரலில் அறிவித்தார். ராத்திரியில் படகு திருடிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செசபீக் விரிகுடாவில் துடுப்புப் போட்டுப் போனார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 4,000 பேர் தப்பித்தார்கள். ஆண்களில் சிலர் சிவப்புச் சட்டை போட்டுப் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் வந்த படையிலும் இருந்தார்கள். போருக்குப் பிறகு அவர்களுக்கு டிரினிடாடில் நிலம் கிடைத்தது. அவர்கள் குடியேறிய கிராமங்கள் இன்றும் அவர்கள் இருந்த படைப்பிரிவுகளான கம்பெனிகளின் பெயரிலேயே இருக்கின்றன: மூன்றாம் கம்பெனி, ஐந்தாம் கம்பெனி என்று. சுதந்திரர்களின் நாடு என்று பாட்டு சொல்கிறது, சுதந்திரம் தேடியவர்கள் அந்த நாட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

கரும்பலகை எழுதியது:

செம்மண் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் கோட்டைக்கு உள்ளே யார் நின்றார்கள் என்றும் பாருங்கள்.

வில்லியம் வில்லியம்ஸ் என்று ஒருவர். மேரிலாந்துத் தோட்டத்திலிருந்து 1814-ல் தப்பித்து ஓடிய அடிமை. எஜமான் அவரைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடுகிறான். அவர் பிரிட்டிஷ் கப்பலுக்குப் போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்க 38-வது காலாட்படையில் சேர்ந்தார். மெக்ஹென்றி கோட்டையில் குண்டு பட்டுக் கால் போனது, இரண்டு மாதத்தில் இறந்தார். பிறகு, ராணுவத்தில் சேர்ந்ததற்காக வில்லியம்ஸுக்குச் சேர வேண்டிய நிலத்தைத் தனக்குத் தரச் சொல்லி அந்த எஜமான் அரசாங்கத்திடம் மனுப் போட்டான். மறுக்கப்பட்டது.

விடுதலை கிடைக்கும் கப்பல் அந்தப் பக்கம் நிற்கும்போது இவர் ஏன் இந்தப் பக்கம் நின்றார்? பல வருடமாக யோசித்திருக்கிறேன். பதில் எழுதி வைக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கொடிக்கு அவர் கொடுத்ததைவிட அதிகமாக வேறு யாரும் கொடுக்கவில்லை. தேசப்பற்று என்பதை கீயின் சொத்து என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அது வில்லியம்ஸுடையதும்தான்.

அப்புறம் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பாடுவது முதல் சரணம் மட்டும். அது ஒரு கேள்வியில் முடிகிறது. கொடி இன்னும் பறக்கிறதா? முழுப் பாட்டையும் பாடாததால் தினமும் கோடிக்கணக்கான பேர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். பதில் அடுத்த சரணத்தில்தான் வருகிறது. அதைத் தேசிய கீதமாகச் சட்டப்படி ஏற்கவே 1931 மார்ச் வரை ஆனது.

கப்பல்காரன் எழுதியது:

நடுவில் ஒரு திருத்தம், மன்னிக்கவும். இந்தப் பேச்சு வந்தாலே "அமெரிக்க தேசிய கீதம் பம்பாயில் கட்டிய கப்பலில் எழுதப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும். தனிமடலில் எனக்கே இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். 'மிண்டன்' என்ற கப்பல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1810-ல் மிதக்கவிட்டது, அது உண்மை. ஆனால் 1814-ல் அது பால்டிமோரில் இல்லை, கிழக்குக் கடல்களில் இருந்தது. கீ இருந்தது வெள்ளைக் கொடி கட்டிய ஓர் அமெரிக்கப் படகில். பீன்ஸ் என்ற வயதான டாக்டரைப் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள், அவரை மீட்கப் போனார் கீ. அந்த டாக்டர் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கும் மருத்துவம் பார்த்தவர், அந்த வீரர்கள் எழுதிய கடிதங்களைக் காட்டித்தான் விடுதலை வாங்கினார்கள். ஆனால் தாக்குதல் திட்டம் காதில் விழுந்துவிட்டதால் சண்டை முடியும்வரை போகக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள்.

நம் மண்ணுக்கு நிஜமான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டில் வரும் 'ராக்கெட்டுகளின் செந்நிற ஒளி' பிரிட்டிஷ்காரர் காங்கிரீவ் வடிவமைத்த ராக்கெட்டுகளுடையது. 'எரிபஸ்' கப்பலிலிருந்து ஏவினார்கள். அந்த ராக்கெட்டுக்கு முன்மாதிரி மைசூர் ராக்கெட். 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை நொறுக்கியபோது பயன்பட்டது அதே இரும்புக் குழல் ராக்கெட்தான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அவற்றைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோய், அதைப் பார்த்துத் தன்னுடையதைச் செய்தார் காங்கிரீவ்.

நூலிழை எழுதியது:

வரலாறு எனக்கு அவ்வளவு தெரியாது. திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு அந்தக் கொடியைப் பற்றி மட்டும் தேடிப் பிடித்துப் படித்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை.

தைத்தவர் மேரி பிக்கர்ஸ்கில், ஒரு விதவை, கொடி தைத்துப் பிழைத்தவர். 1813-ல் கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட் எதிரிக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிய கொடி வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கிறார். கூலி 405 டாலர் 90 சென்ட். மேரியோடு அவர் மகள், அண்ணன் தங்கை பிள்ளைகள், கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமி. ஒப்பந்தத்தில் கட்டுண்டு வேலை பழக வந்தவள் கிரேஸ். ஆறேழு வாரத்தில் முடித்திருக்கிறார்கள், எல்லாம் கையால்.

அப்போது 15 பட்டை, 15 நட்சத்திரம். ஒவ்வொரு பட்டையும் 2 அடி. கம்பளித் துணி அந்த அகலத்தில் வராது, அதனால் ஒட்டுப் போட்டுத்தான் ஒரு பட்டையே உருவாகும். வீட்டுக் கூடத்தில் இடம் பத்தாமல் பக்கத்தில் இருந்த மதுபான ஆலையின் தரையில் விரித்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முட்டிபோட்டுத் தைத்தார்கள். நட்சத்திரம் வெள்ளைப் பருத்தி. நீலத்தின் ஒரு பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, மறுபக்கம் நீலத்தை வெட்டி ஓரம் மடித்துத் தைத்தால் ஒரே நட்சத்திரம் இரண்டு பக்கமும் தெரியும். துணியும் மிச்சம், கனமும் குறைவு. கைத்தையலில் இதைப் பிசிறில்லாமல் செய்வது எத்தனை பாடு என்று எங்கள் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதே கொடி இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆர்மிஸ்டெட் குடும்பத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு வெட்டிக் கொடுத்ததில் எட்டு அடி நீளம் போய்விட்டது, ஒரு நட்சத்திரமும் போய்விட்டது. 1914-ல் பின்னால் லினன் துணி வைத்துத் தாங்கவைக்கப் போட்ட தையல் மட்டும் 17 லட்சம். பிறகு அதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

அண்ணா, உங்கள் மகளுக்கு யார் ஜெயித்தது என்பதை அப்புறம் சொல்லலாம். முதலில் தைத்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

படாப்ஸ்கோ கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாப்பாட்டு மேசையில் ஒன்றுவிடாமல் சொன்னேன். துளசி அக்காவின் யோர்க் ஊரையும் சொன்னேன். "அவங்க முதல்ல எரிச்சாங்களா, நாம முதல்ல எரிச்சோமா?" என்றாள். நாம்தான் முதலில் என்றேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லியம்ஸ் பெயர் கோட்டையில் எங்கே இருக்கிறது, அடுத்த முறை காட்டு என்றாள்.

செம்மண் தம்பி, இனியும் எழுந்து நிற்பேன். ஆனால் நிற்கும்போது மனதில் வருகிற முகங்கள் மாறிவிட்டன, அதற்கு நீங்களும் காரணம்.

இன்று காலை நூலிழை அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியதும் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். டேப் பிடித்து 42 அடி அளந்தோம். எங்கள் வாகனம் நிறுத்தும் இடம் பத்தவில்லை, பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டு அவர்கள் இடத்தையும் வாங்கிக்கொண்டோம். அந்தம்மாவின் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பட்டைக்கு 2 அடி, நட்சத்திரத்துக்கு 2 அடி, எல்லாம் சரியான அளவு. மகள் ஒரு மூலையில் கிரேஸ் என்று எழுதியிருக்கிறாள். வெள்ளை சாக்பீஸ் பதினோராவது நட்சத்திரத்தோடு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் கடைக்குப் போகிறோம்.